பலகைக்கு அடியில் ஓடும் ரயில்

ஹைதராபாத்தில் குட்டி ரயில் ஓட்டிப் பார்க்க அரசாங்கமே சம்பளம் கொடுத்து ஆள் அனுப்புகிறது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் உண்மை. செகந்திராபாத் தார்நாக்காவில் 1957 நவம்பரில் தொடங்கிய இரிசெட் நிறுவனம், இந்திய ரயில்வேயின் சிக்னல், தொலைத்தொடர்புப் பொறியாளர்களுக்கான பயிற்சிக்கூடம். அங்கே மாதிரி அறை ஒன்று உண்டு. கொஞ்சம் தள்ளி மௌலா அலியில் இருக்கும் மண்டலப் பயிற்சி நிலையத்திலும் உண்டு. நம் திருச்சிப் பயிற்சி நிலையத்திலும் உண்டு. சிறு தண்டவாளங்கள், குட்டி சிக்னல்கள், பக்கத்திலேயே ஒரு ஸ்டேஷன் அடுத்த ஸ்டேஷனிடம் வண்டிக்கு லைன் கேட்டு வாங்கும் அசல் பிளாக் கருவிகள். நாளைக்கு ஆயிரம் பயணிகளோடு வரும் வண்டிக்கு லைன் கொடுக்கப் போகிறவர், இன்றைக்கு மேஜை மேல் ஓடும் வண்டிக்கு லைன் கொடுத்துப் பழகுகிறார். தப்பு செய்வதற்கு இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

அதே ஊரில், வீட்டில் ஓர் அறையையோ அறையின் ஒரு சுவரையோ பிடித்துக்கொண்டு மாதிரி ரயில் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு எஞ்சின்தான் கண்ணில் படும். விளக்கு எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா, சக்கரம் எத்தனை என்று கேட்பார்கள். கட்டியவரோ முக்கால்வாசி நேரத்தைப் பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி, சால்டரிங் அயர்னும் டார்ச்சுமாகக் கழித்திருப்பார். 'டிஜிட்டல் வந்துவிட்டது, இனி ரெண்டே ரெண்டு ஒயர் போதும்' என்று இந்தத் துறையில் ஒரு வியாபார வசனம் உண்டு. அது பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பினவர்கள்தான் மல்லாந்து படுத்திருக்கிறார்கள்.

முதல் சிக்கல் ஒயருக்கு முன்பே, அளவிலேயே ஆரம்பித்துவிடுகிறது. உலகில் அதிகம் விற்கும் மாதிரி அளவு எச்ஓ. அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. அமெரிக்கா, ஐரோப்பாவில் பெரும்பாலும் அசல் ரயிலின் இடைவெளி 1435 மி.மீ. என்பதால் கணக்கு சரியாக வருகிறது. நம் பிராட்கேஜ் 1676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல் போகிறது. கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. பாதையில் இந்திய எஞ்சினை வைத்தால், பெட்டியின் அகலத்துக்குக் கால்கள் ஒடுங்கித் தெரியும். தண்டவாளம் முழுவதையும் கையாலேயே செய்யத் துணியாதவர்கள் கண்ணைக் கொஞ்சம் மூடிக்கொள்கிறார்கள். பெரும்பாலோர் மூடிக்கொள்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஹைதராபாத்தின் பழைய மீட்டர்கேஜைக் கட்ட நினைப்பவருக்கு இந்தக் கவலை குறைவு. நிஜாமின் ரயில்வே 1874-இல் வாடியிலிருந்து செகந்திராபாத்துக்கு வந்த பிராட்கேஜோடு தொடங்கியது. பிறகு மன்மாட் பக்கம் மீட்டர்கேஜும் போட்டது. காச்சிகூடா ஸ்டேஷன் நெடுங்காலம் மீட்டர்கேஜ் வண்டிகளுக்குப் பேர் போனது. 1000 மி.மீ.யை 87-ஆல் வகுத்தால் 11.5. சந்தையில் 12 மி.மீ. பாதை கிடைக்கிறது. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை எந்தக் கண்ணும் கண்டுபிடிக்காது.

தண்டவாளம் போடுவதில் புதியவர்கள் அவசரப்படுவார்கள். முழுநீள வளைபாதை ஒன்று 914 மி.மீ., அதாவது மூன்றடி. வளைத்து, ஆணி அடித்து, இணைப்புத் தகட்டைச் செருகினால் ஒரு மாலைக்குள் வண்டி ஓடிவிடும். அடுத்த மே மாதம் வரை ஓடும்.

ஹைதராபாத் டிசம்பர் இரவில் 12 டிகிரி வரை இறங்கும். மே மாதப் பகலில் 42-ஐத் தாண்டும். மொட்டை மாடி அறை என்றால் கேட்கவே வேண்டாம். மாதிரித் தண்டவாளம் நிக்கல் சில்வர் என்ற கலவை. அதில் வெள்ளி துளியும் கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். 30 டிகிரி ஏறினால் மூன்று மீட்டர் நீளத்துக்கு அது சுமார் ஒன்றரை மி.மீ. நீளும். குளிர்காலத்தில் இடைவெளியே விடாமல் முட்ட முட்டப் போட்டு, எல்லா இணைப்பையும் சால்டர் செய்து வைத்தவரின் பாதை, கோடையில் எங்கேயாவது ஓரிடத்தில் பக்கவாட்டில் பிதுங்கும். இதற்கு மேல் கீழே இருக்கும் மரம் வேறு. தெலங்கானாவின் காய்ந்த கோடையில் சுருங்கும், ஜூன் பிறந்து மழை பிடித்தால் உப்பும். உலோகம் நீளும்போது மரம் சுருங்கினால் பிதுக்கம் இரட்டிப்பு. அதனால் நல்ல பிளைவுட் வாங்கி, இரண்டு பக்கமும் விளிம்புகளும் பெயின்ட் அடித்து ஈரத்தை அடைப்பது ஒரு வழி. வளைவுகளில் மட்டும் இணைப்புகளைச் சால்டர் செய்துவிட்டு, நேர்ப்பாதையில் கால் முதல் அரை மி.மீ. இடைவெளி விட்டு வைப்பது இன்னொன்று.

அடுத்தது பாயின்ட். பாதை இரண்டாகப் பிரியும் இடம். ரயில்வேக்காரர்கள் டங் ரெயில் என்று சொல்லும் அந்த அசையும் நாக்குகள் ஒரு பக்கம்; இரண்டு தண்டவாளமும் ஒன்றையொன்று வெட்டும் கிராஸிங் மறுபக்கம். மாதிரி ரயிலில் இடது தண்டவாளத்தில் ஒரு முனை, வலதில் மறுமுனை மின்சாரம். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் என்ன செய்வது? பிளாஸ்டிக்கில் செய்துவிட்டால் ஷார்ட் ஆகாது, ஆனால் அந்த இடம் மின்சாரம் இல்லாத செத்த இடம். பன்னிரண்டு சக்கரம் உள்ள பெரிய எஞ்சின் அதைத் தெரியாமலே தாண்டிவிடும். டபிள்யூடிஎஸ்-4 மாதிரி ஆறே சக்கரம் உள்ள ஷன்டிங் எஞ்சின், யார்டில் மெதுவாக ஊர்ந்து வரும்போது சரியாக அங்கேதான் நிற்கும். விரலால் ஒரு தள்ளு தள்ள வேண்டியிருக்கும். பார்க்கிறவர் முன்னால் மானம் போகும். கிராஸிங்கை உலோகத்தில் செய்து, பாயின்ட் திரும்பும் பக்கத்துக்கு ஏற்ப அதன் மின்சாரத்தையும் மாற்றிக் கொடுப்பதுதான் நிரந்தரத் தீர்வு. அதற்குப் பாயின்டை அசைக்கும் மோட்டாரோடு ஒரு சுவிட்சும், தனியாக ஓர் ஒயரும் வேண்டும். 'ரெண்டே ஒயர்' இங்கேயே மூன்றாகிவிட்டது.

இனி பலகைக்கு அடியில் போகலாம். நிக்கல் சில்வர் துருப்பிடிக்காது, பளபளக்கும், ஆனால் மின்சாரம் கடத்துவதில் செம்புக்குப் பதினைந்து மடங்குக்கும் மேல் பின்தங்கியது. ஆகவே தண்டவாளத்தையே ஒயராக நம்பினால், கன்ட்ரோலருக்குப் பக்கத்தில் எக்ஸ்பிரஸாகப் புறப்படும் வண்டி மறுகோடியில் பாசஞ்சராகப் போய்ச் சேரும். இதற்காகப் பலகைக்கு அடியில் பாதை போகும் வழியெல்லாம் தடித்த செம்பு ஒயர் இரண்டு ஓட விடுகிறார்கள். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் 1.5 அல்லது 2.5 சதுர மி.மீ. ஒயரே தாராளம். அதிலிருந்து மூன்றடிக்கு ஒரு ஜோடி மெல்லிய ஒயர் மேலே ஏறித் தண்டவாளத்தோடு சேரும். இணைப்புத் தகடுகளை நம்பவே கூடாது என்பது அனுபவஸ்தர்கள் ஒருமனதாகச் சொல்வது.

அந்த மெல்லிய ஒயரை ஒட்டவைப்பதுதான் கைவேலையின் உச்சம். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தை எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். ரோசின் பேஸ்டை ஒரு பொட்டு. அமிலம் கலந்ததைத் தொட்டால் சில மாதத்தில் இணைப்பு பச்சை பிடித்துவிடும். ஒயர் முனையில் முன்கூட்டியே சால்டர் பூசி, தண்டவாளத்தின் அடிப்பாகத்தில் ஒட்டி, சூடான முனையை வைத்து இரண்டு விநாடியில் எடுத்துவிட வேண்டும். நாலு விநாடி ஆனால் பிளாஸ்டிக் ஸ்லீப்பர்கள் உருகி, தண்டவாளம் கழன்று கையோடு வரும். இருபுறமும் ஈரப் பஞ்சு வைத்துக்கொள்வது ஒரு தந்திரம். குறைந்த வாட் அயர்ன் பாதுகாப்பு என்று நினைத்து வாங்குபவர்கள்தான் அதிகம் உருக்குகிறார்கள். சூடு போதாததால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது அல்லவா.

வேலை சரியா என்று சோதிக்க ஒரு ரூபாய் போதும். நிஜமாகவே ஒரு ரூபாய் நாணயம். இப்போதைய நாணயத்தின் விட்டம் 20 மி.மீ.; 16.5 மி.மீ. பாதையின் மேல் வைத்தால் இரண்டு தண்டவாளத்தையும் தொடும். டிஜிட்டல் கன்ட்ரோலர் அந்தக் கணமே ஷார்ட் என்று கண்டுபிடித்து மின்சாரத்தை நிறுத்த வேண்டும். கையெட்டும் இடத்தில் மட்டுமல்ல, கடைசி சைடிங்கின் கடைசி அங்குலத்திலும் நிறுத்த வேண்டும். நிறுத்தவில்லை என்றால் அங்கே ஒயரிங் பலவீனம். வண்டி தடம் புரண்டு ஷார்ட் ஆகும் நாளில், மூன்று ஆம்பியருக்கு மேல் ஒரு மெல்லிய சக்கரத்தின் வழியாகப் பாய்ந்து, பிளாஸ்டிக் எஞ்சினின் அடிப்பாகம் இளகிப் போகும்.

ஒயருக்கு நிறமும் பெயரும் வேண்டும் என்பதைப் புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன. எல்லாரும் 'அப்புறம் எழுதிக்கலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். இந்த அலட்சியம் பொழுதுபோக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்னும், அவ்வளவுதான். அசலில் அப்படி அல்ல. 2023 ஜூன் 2 அன்று, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவின் பஹானகா பஜார் ஸ்டேஷனில் மெயின் லைனுக்குப் பச்சை சிக்னல் வாங்கி, லூப் லைனில் நின்ற சரக்கு வண்டியின் மேல் ஏறியது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சுட்டிக்காட்டிய காரணங்களில் ஒன்று, லெவல் கிராசிங் அருகே இருந்த பெட்டிக்குள் ஒயர்களுக்குத் தவறாக ஒட்டியிருந்த பெயர்கள். அந்தத் தவறு பல ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாமலே இருந்திருக்கிறது.

டிஜிட்டலுக்கு முந்தைய காலத்து ஒயரிங் வேறு ஜாதி. தண்டவாளத்தில் பிளஸ், மைனஸ் நேர்மின்சாரம். வோல்டேஜ் கூடினால் வேகம். முனை மாறினால் திசை மாறும். ஒரே பாதையில் இரண்டு எஞ்சின் இருந்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும். தனித்தனியே ஓட்டப் பாதையைத் துண்டு துண்டாக அறுத்து, துண்டுக்கு ஒரு சுவிட்ச். இதன் ராஜவடிவம் குவாலியரில் இருக்கிறது. ஜெய் விலாஸ் அரண்மனைச் சாப்பாட்டு மேஜையில் சிந்தியாக்களின் வெள்ளி ரயில், விருந்தாளிகளுக்கு மதுவும் சுருட்டும் சுமந்து சுற்றும். யாராவது குப்பியைத் தூக்கினால் வண்டி நிற்கும், திரும்ப வைத்தால் புறப்படும். இது எளிய சுவிட்ச் வித்தைதான், ஆனாலும் நுழைவுக் கட்டணத்துக்குத் தகும். ரயில்வேக்காரரின் கண்ணுக்குப் பெரிய விருந்து வேண்டுமானால் புனே கோத்ரூடில் 1998-இல் திறந்த ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது.

சுவிட்சுகளைக் கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மாதிரி ரயில் கிளப்தான் சாட்சி. 1940-களில் தொடங்கிய அந்தக் கிளப்பில், பலகைக்கு மேலே மலையும் வீடும் கட்டுகிறவர்கள் ஒரு கோஷ்டி. கீழே டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ரிலேக்களை அடுக்கி சிக்னலும் மின்சாரமும் பார்ப்பவர்கள் இன்னொரு கோஷ்டி. இரண்டாம் கோஷ்டிதான் பிறகு எம்ஐடியின் கம்ப்யூட்டர் அறைக்குள் புகுந்தது. ஹாக்கர் என்ற சொல்லே அவர்கள் வாயில் புழங்கிப் பிரபலமானது. ஹைடெக் சிட்டியில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் குலதெய்வம் பலகைக்கு அடியில் இருப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இப்போது வழக்கில் உள்ளது டிசிசி என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறை. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியதை அடிப்படையாக வைத்து, அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் 1990-களில் தரப்படுத்தியது. இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும், ஆனால் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை முனை மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்தின் அகலமே எழுத்து. 58 மைக்ரோ விநாடிக்கு ஒரு தரம் மாறினால் ஒன்று. 100-ஓ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டால் பூஜ்யம். இப்படி ஒன்றும் பூஜ்யமுமாகச் சேர்ந்து, 'மூன்றாம் நம்பர் எஞ்சினே, முன்னால் போ, இவ்வளவு வேகம்' என்ற ஒரு செய்தி முடிய ஆறேழு மில்லி விநாடி. செய்தியின் கடைசியில் சரிபார்ப்புக்கு ஒரு பைட். கணக்கு ஒத்துவராவிட்டால் எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாது, அடுத்த செய்திக்குக் காத்திருக்கும். எல்லா எஞ்சினும் எல்லாச் செய்தியையும் கேட்கும். தன் பெயருள்ளதற்கு மட்டும் அசையும்.

பெயர் என்பது எண். புதிதாக வாங்கும் டிகோடர் எல்லாமே 3 என்ற எண்ணோடுதான் வரும். உச்சவரம்பு 10239. இங்கே இந்திய ரசிகருக்கு ஒரு சின்ன மனக்குறை. சார்மினார் எக்ஸ்பிரஸில் வந்தவர்கள் பார்த்திருக்கும் டபிள்யூஏபி-7 எஞ்சின்களின் எண்கள் 30201-இல் தொடங்குகின்றன. ஐந்து இலக்கமும் உள்ளே போகாது. கடைசி நான்கை மட்டும் வைத்துச் சமாளிக்க வேண்டும்.

முனை ஓயாமல் மாறும் மின்சாரம் பழைய தலைவலி ஒன்றையும் தீர்த்தது. போன வண்டி வளைந்து வந்து அதே பாதையில் திரும்பச் சேரும் வளையத்தை மாதிரியில் போட்டால், இடது தண்டவாளம் வலதைப் போய்த் தொடும், ஷார்ட். டிசிசியில் எஞ்சினின் திசை தண்டவாள முனையைப் பொறுத்தது அல்ல என்பதால், வளையத்தை இரண்டு முனையிலும் அறுத்துத் தனியாக்கி, ஷார்ட்டை உணர்ந்தவுடன் முனையைப் புரட்டும் சின்னக் கருவி ஒன்றை வைத்தால் போதும். வண்டி கண் சிமிட்டாமல் தாண்டும். ஒரே நிபந்தனை: வளையம் வண்டியின் நீளத்தைவிட நீளமாக இருக்க வேண்டும்.

மாதிரியில் இப்படி ஷார்ட்டைக் கண்டு நடுங்குகிறவர்கள், அசல் ரயில்வே அதையே காவலுக்கு வைத்திருப்பதை அறிந்தால் திகைப்பார்கள். 1872-இல் அமெரிக்கர் வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற டிராக் சர்க்யூட் இதுதான். தண்டவாளத்தின் ஒரு முனையில் சிறு மின்சாரம், மறுமுனையில் ரிலே. வண்டி வந்தால் அச்சு இரண்டு தண்டவாளத்தையும் ஷார்ட் செய்யும், ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். பேட்டரி தீர்ந்தாலும் தண்டவாளம் உடைந்தாலும் அதே சிவப்புதான். மாதிரிப் பெட்டிகளின் சக்கரங்களில் ஒன்றை அச்சிலிருந்து பிளாஸ்டிக் வைத்துப் பிரிப்பது எதற்காகவோ, அதற்கு நேர் எதிரான காரணத்துக்காக அசல் அச்சு மின்சாரத்தைக் கடத்தியே ஆக வேண்டும்.

இத்தனைக்கும் பணம்? மாதிரி ரயிலும் தண்டவாளமும் சுங்கப் பட்டியலில் பொம்மை. பொம்மை இறக்குமதிக்கான அடிப்படை வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60-க்கும், 2023-இல் 70-க்கும் ஏறியது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலை வளர்க்கத்தான். ஆனால் இந்த நாட்டில் டிசிசி கன்ட்ரோலர் தயாரித்து அடுக்கி வைத்திருக்கும் பொம்மைத் தொழிற்சாலை எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. வெளிநாட்டுக் கன்ட்ரோலர் வாங்கும் காசுக்கு இங்கே ஒரு நல்ல பைக்குக்கு முன்பணம் கட்டலாம்.

அங்கேதான் கோட்டி குஜராத்தி கல்லி கைகொடுக்கிறது. நகரத்தின் எலெக்ட்ரானிக்ஸ் உதிரிக்கடைகள் நெருக்கியடிக்கும் சந்து. 2015-இல் கிரெக் பெர்மன் என்பவர் டிசிசி++ என்ற இலவச நிரலை வெளியிட்டார். ஆர்டுயினோ பலகை ஒன்று, மோட்டார் ஷீல்டு ஒன்று, ஒரு பவர் சப்ளை. இவை போதும், முழு டிசிசி கன்ட்ரோலர் தயார். அதன் வாரிசு டிசிசி-இஎக்ஸ் என்ற பெயரில் வளர்ந்துகொண்டிருக்கிறது. கைபேசியே வேகக்கட்டுப்பாட்டுக் கைப்பிடி ஆகிவிடுகிறது. பாயின்ட் அசைக்கப் பொம்மை விமானக்காரர்கள் வாங்கும் சின்ன சர்வோ மோட்டாரே போதும்.

இலவச நிரல் என்றதும் ஒரு வழக்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. கம்ப்யூட்டரிலிருந்து மாதிரி ரயிலை இயக்க ஜேஎம்ஆர்ஐ என்ற நிரலை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் பாப் ஜேகப்சன், பெர்க்லியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். ஊருக்கெல்லாம் சும்மா கொடுத்த நிரலுக்காக அவருக்கு ஒரு நாள் இரண்டு லட்சம் டாலருக்கும் மேல் பில் வந்தது. இதே துறையில் மென்பொருள் விற்ற மேத்யூ கேட்சர், தன் காப்புரிமையை மீறியதாக அனுப்பியது. ஜேகப்சன் கோர்ட்டுக்குப் போனார். போன இடத்தில், கேட்சரின் மென்பொருளில் ஜேஎம்ஆர்ஐயின் கோப்புகளே எழுதியவர்கள் பெயர் நீக்கப்பட்டு இருந்தது தெரிந்தது. 2008 ஆகஸ்டில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், இலவசமாகக் கொடுத்தாலும் உரிமத்தின் நிபந்தனையை மீறினால் அது பதிப்புரிமை மீறலாக முடியும் என்று தீர்ப்பளித்தது. 2010-இல் சமரசம், கேட்சர் ஒரு லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார். ஹைதராபாத் மாதாப்பூர் அலுவலகங்களில் தினமும் எடுத்துப் பயன்படுத்தும் இலவச நிரல்களை எழுதியவர்களின் சட்டப் பாதுகாப்பு, ஒரு பொம்மை ரயில் தகராறில் உறுதியானது.

தண்டவாளத்தை விட்டுக் காற்றில் செய்தி அனுப்பும் மாதிரி எஞ்சின்களும் வந்துவிட்டன. அசல் ரயிலும் அதே திசையில்தான் போகிறது. கவச் என்ற மோதல் தடுப்பு அமைப்பு தண்டவாளத்தில் பதித்த ஆர்எஃப்ஐடி பட்டைகளால் எஞ்சினுக்கு அதன் இடத்தைச் சொல்லி, சிக்னல் நிலையை ரேடியோவில் கொடுக்கிறது. 2016-இல் பயணிகள் வண்டிகளில் அதன் முதல் களச் சோதனைகள் நடந்தது ஹைதராபாத்துக்கு அருகே, லிங்கம்பள்ளி–விகாராபாத்–வாடி தடத்தில். தொடக்கத்தில் அதைத் தயாரித்த மேதா, எச்பிஎல், கெர்னெக்ஸ் மூன்றும் ஹைதராபாத் நிறுவனங்கள்.

தனி அறை இல்லாத அடுக்குமாடி வாசிக்கு ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயரின் இங்கிள்நூக் வடிவம் இருக்கிறது. புத்தக அலமாரித் தட்டளவு பலகை, இரண்டே பாயின்ட், மூன்று சைடிங். ஒன்றில் ஐந்து பெட்டி நிற்கும், மற்ற இரண்டிலும் மும்மூன்று. எட்டுப் பெட்டியில் குலுக்கி எடுத்த ஐந்தை, சீட்டு சொல்லும் வரிசையில் கோக்க வேண்டும். எஞ்சின் ஒரு நேரத்தில் மூன்றை மட்டுமே இழுத்துப் பின்வாங்க இடம் இருக்கும். வரும் வரிசைகள் 6720. செலவும் கையடக்கம்: ஒரு ஆர்டுயினோ, இரண்டு சர்வோ, அடியில் ஆறேழு ஜோடி ஒயர். அந்த ஆறேழுக்கும் பெயர் எழுதி ஒட்டிவிட்டு மேலே எஞ்சினை வைக்கலாம்.